‘ஸோ லாங்’ சொன்ன பெண்

அந்தப் பெண்ணை அவர் உண்டாக்கியது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், மூன்று மணி இருபது நிமிடத்துக்கு. நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும்.

அவர் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். ஆறாம் பக்கத்தின் கீழ்மூலையில், வானிலைக்கும் குறுக்கெழுத்துக்கும் நடுவே, தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் வரும்; பத்திரிகைப் பேச்சில் அது ‘பெட்டி’. ‘தினம் ஒரு சொல்’ என்று அதற்குத் தலைப்பு. நாம் அன்றாடம் வாயில் போட்டுக்கொள்ளும் ஆங்கிலச் சொல் ஒன்றை எடுத்து, அது எங்கே பிறந்தது, எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தது என்று எண்பது வார்த்தைக்குள் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடமாக அதை அவர்தான் எழுதிவந்தார். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெட்டி என்றே பெயர். வாட்ச்மேன் முதல் ஆசிரியர் வரை எல்லாருக்கும் பெட்டி சார். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது ஃபோனில் கேட்டால், “அப்படி யாரும் இங்க இல்லீங்களே” என்று வைத்துவிடுவார்கள்.

ஆங்கிலத்தை அவர் பேசிக் கற்றவர் இல்லை, தோண்டிக் கற்றவர். ஒரு சொல்லின் பாட்டன் பூட்டன் வரைக்கும் தெரியும். அதே சொல்லைப் போட்டு ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ‘குட்பை’ என்பது ‘கடவுள் உங்களோடு இருக்கட்டும்’ என்ற வாழ்த்து நைந்து நைந்து சுருங்கியது என்று எழுதுவார். துப்பு என்ற பொருளில் நாம் சொல்லும் ‘க்ளூ’ ஒரு காலத்தில் வெறும் நூலுண்டை. வழி தெரியாத இடத்துக்குள் போகிறவன் திரும்பி வருவதற்காகப் பிரித்துக்கொண்டே போன நூல். ‘டெட்லைன்’ என்பது போர்க்காலச் சிறைமுகாமில் கிழித்த கோடு. தாண்டிய கைதியைக் காவல்காரன் சுட்டுவிடுவான். இதை அவர் எழுதிய நாளிலிருந்து, பக்கம் கட்டுகிற லேஅவுட்காரர் நாலு மணி ஆனதும் மேஜைக்கு வந்து, “சார், கோட்டைத் தாண்டிட்டீங்க. சுடட்டுமா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. இரண்டு புத்தகத்திலாவது பார்க்காமல் ஒரு வரி எழுதியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு வாசகரின் அஞ்சலட்டையை எடுத்து வைத்திருந்தார். வெள்ளைக்காரர்கள் பிரியும்போது ‘ஸோ லாங்’ என்கிறார்களே, ‘இவ்வளவு நீளம்’ என்பதற்கும் விடைபெறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தார் அவர். நல்ல கேள்விதான். பெட்டி சார் மூன்று அகராதிகளைப் புரட்டினார். ஆளுக்கொரு ஊகத்தைச் சொல்லிவிட்டு மூன்றும் கையை விரித்தன: மூலம் தெரியவில்லை.

முன்பு ஒருமுறை இப்படித்தான் ஒரு சொல்லுக்கு ‘தெரியவில்லை’ என்று எழுதப்போய், ஆசிரியர் கூப்பிட்டு, “தெரியலன்னு சொல்றதுக்கு ஒரு பெட்டியா? அதுக்கு விளம்பரம் போட்டிருக்கலாமே” என்றிருந்தார். வேறு சொல் தேட நேரமில்லை. மணி மூன்று இருபது. லேஅவுட்காரர் தூரத்தில் நின்று, கையைத் துப்பாக்கி மாதிரி வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டி சார் எழுதினார். ஒரு துறைமுகத்தில் மாலுமிகளின் சட்டை தைக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். கப்பலுக்குப் போன அவள் கணவன் திரும்பவில்லை. மூலை கிழிந்த திண்டு ஒன்றை முதுகுக்கு வைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடியே தைப்பாள். கரையேறி வருகிற ஒவ்வொருவனிடமும் ‘ஸோ லாங்?’ என்பாள். இவ்வளவு நாளா என்று அர்த்தம். மறுபடி கப்பலேறும்போது அவளிடம் போய்வருகிறேன் என்று சொல்ல வாய் வராத மாலுமிகள், அவள் சொல்லையே அவளிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அப்படியே அது விடைபெறும் சொல்லாயிற்று.

சரியாக எண்பது வார்த்தை வந்தது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பத்தொன்பது வருடத்தில் அவ்வளவு சுலபமாக அவர் எதையும் எழுதியதில்லை.

சுலபமாக வந்ததற்குக் காரணம் வீட்டில் இருந்தது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை; எட்டு வயது மூத்த அக்காவோடு இருந்தார். அக்காவின் கணவர் கப்பலில் எஞ்சின் ஃபிட்டர். ஒரு பயணம் போனவர் திரும்பவில்லை, கடிதமும் நின்றுபோனது. அக்கா ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டு, பேன்ட் நீளம் குறைப்பது, ரவிக்கை பிரித்துத் தைப்பது என்று அக்கம்பக்கத்து வேலைகளைச் செய்துகொண்டிருந்தாள். சாயங்காலம் அவர் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் உள்ளே மெஷின் சத்தம் சட்டென்று நிற்கும். ஒவ்வொரு நாளும் நிற்கும். வந்தது அத்தானாக இருக்குமோ என்று அக்கா ஒரு நொடி மூச்சைப் பிடிக்கிறாள், பிறகு தம்பிதான் என்று தெரிந்து எழுந்து போகிறாள் என்பது அவர் எண்ணம். அந்த ஒரு நொடிக்காகவே அவர் கேட்டை மெதுவாகத் திறக்கப் பழகியிருந்தார். அத்தானைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை.

பெட்டி வெளியான வாரத்தில் நாற்பத்தொரு கடிதம் வந்தது. வழக்கமாக வருவது இரண்டோ மூன்றோ, அதில் ஒன்று அச்சுப்பிழையைச் சுட்டிக்காட்டுவதாக இருக்கும். இப்போது எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: அப்புறம் அவள் என்ன ஆனாள்? ஆசிரியருக்கு வாயெல்லாம் பல். “இந்த மாதிரி எழுதுங்க பெட்டி சார். இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?”

அவர் அடுத்த நாளே ‘குடை’க்கான ஆங்கிலச் சொல்லுக்குப் போய்விட்டார். நிழல் என்பதிலிருந்து வந்தது, இரண்டு புத்தகத்தில் பார்த்தது, எந்த வம்பும் இல்லாதது. ஒரு தடவை தவறிவிட்டது, ஒரு மாதத்தில் எல்லாரும் மறந்துபோவார்கள் என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

யாரும் மறக்கவில்லை. அவள் செல்ஃபோன்களில் ஏறிப் போய்விட்டாள். யாரோ அந்தப் பெட்டியை வெட்டி, பின்னால் ஒரு சூரிய அஸ்தமனத்தை ஒட்டி அனுப்ப, அது ஊர் சுற்றி வந்து பல் டாக்டரிடமிருந்து அவருக்கே வந்தது. வங்கி மேலாளர் ஒருவரின் பிரிவு உபசாரத்தில் பேசியவர் அந்தக் கதையைச் சொல்லிக் குரல் தழுதழுத்தார். ஒரு பள்ளிக்கூடச் சுவரில் வண்ணத்தில் எழுதி வைத்திருப்பதைப் பேருந்திலிருந்து பார்த்தார். பேருந்து நகர்ந்த பிறகும் அவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

அவரைக் கலங்கடித்தது அவள் பரவியது மட்டும் இல்லை, வளர்ந்ததும்தான். அவர் எழுதாத விவரங்கள் வர ஆரம்பித்தன. ஒரு கடிதத்தில் அவள் நீலச் சால்வை போர்த்தியிருந்தாள். வானொலியில் பேசிய அம்மா ஒருவர் அவள் இடது காலைத் தாங்கித் தாங்கி நடப்பாள் என்றார். அவளுடைய ஜன்னலை இன்றும் அந்தத் துறைமுகத்தில் சாத்துவதில்லை, தன் மாமா போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார் என்று ஒருவர் எழுதியிருந்தார். பெட்டி சார் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். நாம் தலையும் வாலும் இல்லாமல் எண்பது வார்த்தையில் விட்டுவந்த ஒருத்திக்கு இத்தனை பேர் சேர்ந்து சால்வை போர்த்துகிறார்கள், காலைத் தருகிறார்கள், வீட்டைத் தருகிறார்கள். இன்னும் கொஞ்ச நாளில் அவளே எழுந்து வருவாள் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார். நினைத்தது வேடிக்கையாகத்தான். ஆனால் லிஃப்ட் பழுதான ஒரு காலையில், அலுவலகப் படிக்கட்டில் பின்னால் ஒரு காலைத் தாங்கித் தாங்கி யாரோ ஏறிவரும் சத்தம் கேட்க, அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். மேலே போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார். கூரியர்காரர், கனமான பார்சலை முழங்காலில் முட்டுக்கொடுத்து ஏறிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள்ளும் அவருக்கு நிம்மதி போயிற்று. மெஷினில் குனிந்திருக்கும் அக்காவைப் பார்த்தால், எது அக்கா, எது தான் எழுதியவள் என்று கண் ஒரு கணம் தடுமாறும். அவள் முதுகுக்கு வைத்திருந்த அந்த மூலை கிழிந்த திண்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அக்கா அந்தப் பெட்டியைப் படித்தாளா இல்லையா என்று தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

இப்படியே ஒன்றரை வருடம் போனது. ஒருநாள் காலை பதினொரு மணிக்கு வரவேற்பிலிருந்து கூப்பிட்டு, பெட்டி எழுதுகிறவரைப் பார்க்க ஒரு அம்மா வந்திருக்கிறார் என்றார்கள்.

அறுபது வயதிருக்கும். ரெக்சின் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். அதே பெட்டி, லேமினேட் செய்தது. விரல் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் மங்கிப்போயிருந்தது.

“என் பையன் கப்பலுக்குப் போனான் சார். ஆறு வருஷமாச்சு. கம்பெனியில கேட்டா இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் தர்றாங்க. தினமும் காலையில எழுந்ததும் இதைத்தான் படிப்பேன். இவங்க மாதிரி ஒருத்தங்க இருந்திருக்காங்கன்னா நான் பண்றது பைத்தியக்காரத்தனம் இல்லைன்னு மனசுக்கு ஒரு தெம்பு.”

“உட்காருங்கம்மா” என்றார் பெட்டி சார். அந்த அம்மா உட்கார்ந்துதான் இருந்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன் சார். இவங்க எத்தனை வருஷம் காத்திருந்தாங்க? அது மட்டும் போடல நீங்க.”

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். அம்மா, அது நான் கட்டினது, அப்படி ஒருத்தி கிடையாது. அந்த அட்டையைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார்.

“பதினேழு வருஷம்மா” என்றார்.

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. “அப்ப எனக்கு இன்னும் பதினோரு வருஷம் இருக்கு. எல்லாரும் வீட்டைக் காலி பண்ணிட்டு மக கூட வந்து இருன்னு பிடுங்கி எடுக்கறாங்க சார். அவன் வந்து பூட்டின வீட்டையா பாக்கணும்? இருக்கேன்னு சொல்லிடறேன்.” கும்பிட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பேரும் கேட்கவில்லை, விலாசமும் கேட்கவில்லை என்பது பெட்டி சாருக்கு உறைத்தபோது தெருவில் அவர் இல்லை. இந்தப் பக்கம் பேருந்து நிறுத்தம் வரை ஓடினார், அந்தப் பக்கம் சிக்னல் வரை ஓடினார். வாட்ச்மேன் பின்னாலேயே வந்து, “என்ன சார், எதையாவது எடுத்துட்டுப் போயிட்டாங்களா?” என்றான்.

அன்றைக்கு அவர் அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். கேட்டைத் திறந்தார். உள்ளே மெஷின் நின்றது.

அக்கா ஒரு கறுப்பு பேன்ட்டின் கால்மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். “என்னடா இந்நேரத்துக்கு? உடம்பு சரியில்லையா?”

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். செவ்வாய்க்கிழமை, மூன்று இருபது, மூன்று அகராதி, வந்த அம்மா, லேமினேட் அட்டை. அக்கா தலை நிமிராமல் நூலைப் பிரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பதினேழுன்னா சொன்ன?”

“ஆமா.”

“ஏன் பதினேழு?”

அத்தான் போய் அந்த வருடத்தோடு பதினேழு.

“அந்தப் பெட்டி வந்த அன்னிக்கே படிச்சேன்டா” என்றாள் அக்கா. “என் திண்டைக்கூட விடல நீ. கிழிஞ்ச மூலையோட தூக்கிக் கொண்டுபோய் பேப்பர்ல வச்சுட்ட. சரி, நீயா வாயைத் திறந்து சொல்வேன்னு பாத்தேன்.” பிளேடைக் கீழே வைத்தாள். “ஒண்ணு கேக்கறேன். நான் காத்துக்கிட்டு இருக்கேன்னு உனக்கு யாருடா சொன்னது?”

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“இங்க உக்கார்றது வெளிச்சத்துக்குடா. கறுப்புத் துணியில கறுப்பு நூல் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?”

“நான் கேட்டைத் திறந்தா மெஷின் நிக்குதே அக்கா. தினமும் நிக்குதே.”

“நீ வந்தா காபி போடணும். ஓட்டிக்கிட்டே காபி போட எனக்கு என்ன நாலு கையா இருக்கு?” அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. அக்காவும் நிறுத்திக்கொண்டாள். பிறகு சாதாரணமாக, மளிகைச் சாமான் விலை சொல்வதுபோலச் சொன்னாள். “மூணாவது வருஷமே அவர்கூட வேலை செஞ்ச ஆள் ஒருத்தன் வந்து சொல்லிட்டுப் போனான். வெளிநாட்டுல ஒரு துறைமுகத்துல அவருக்கு வீடு இருக்காம். ரெண்டு பிள்ளைங்களாம். ஒரு வாரம் அழுதேன். நீ அப்ப ராத்திரி ஷிஃப்ட்ல இருந்த, உனக்குத் தெரியாது. அதோட சரி.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ கேக்கலயே. எங்கேயோ பொறந்த சொல்லுக்கெல்லாம் எங்கேருந்து வந்தன்னு கேட்டு எழுதறவன், இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு தடவை கேட்டியா? நானும் பாத்தேன். உனக்கு ரெண்டு எடத்துல பொண்ணு பேசி வந்தேன், ரெண்டையும் தட்டிக்கழிச்ச. உனக்கே கல்யாணத்துல இஷ்டமில்ல போலிருக்குன்னு விட்டுட்டேன்.”

அக்கா தனியாகக் காத்திருக்கிறாளே என்றுதான் தட்டிக்கழித்தார். அதை இப்போது சொல்லி என்ன பிரயோசனம்? அவர் செருப்போடு உட்கார்ந்திருந்தார். பதினேழு வருடம் அவர் மெதுவாகக் கேட்டைத் திறந்தது, வீட்டில் கப்பல் என்ற சொல்லையே எடுக்காமல் பார்த்துக்கொண்டது, இதெல்லாம் யாருக்காக? அவர் ஒரே வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவளும், பேப்பரில் எழுதியவளும் ஒருத்திதான். இரண்டு இடத்திலும் இல்லாதவள்.

அக்கா எழுந்து காபி போடப் போனாள்.

மறுநாள் அவர் ஆசிரியரிடம் போய்த் திருத்தம் போட வேண்டும் என்றார். ஆசிரியர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஒருத்தர்கூட சந்தேகப்படலயே சார். கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதில்?” அவர் விடவில்லை. மூன்று வாரம் கழித்து, நான்காம் பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்குக் கீழே நாலு வரி வந்தது. ‘ஸோ லாங்’ பற்றி ‘தினம் ஒரு சொல்’ பகுதியில் சொல்லப்பட்ட விளக்கம் கற்பனை, அப்படியொரு பெண் இல்லை, அச்சொல்லின் மூலம் தெரியவில்லை, எழுதியவர் வருந்துகிறார்.

அதற்கும் கடிதம் வந்தது. ஒரு ஏழைப் பெண்ணின் தியாகத்தைக் கொச்சைப்படுத்தாதீர்கள் என்று ஒன்று. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஃபோனில் பிடித்துக்கொண்டார். “இல்லவே இல்லைன்னு எப்படி சார் சொல்றீங்க? எங்கிட்ட ஆதாரம் இருக்கு.”

“என்ன ஆதாரம்?”

“உங்க பேப்பர்லயே வந்திருக்கே!”

பள்ளிக்கூடச் சுவரை யாரும் அழிக்கவில்லை. நீலச் சால்வைப் பெண் தொடர்ந்து செல்ஃபோன்களில் வந்துகொண்டிருந்தாள். அதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொள்ளப் பழகினார். மறக்க முடியாதது அந்த ரெக்சின் பை அம்மாவைத்தான். திருத்தத்தை அவர் படித்தாரா? படித்திருந்தால் அந்த அட்டையை என்ன செய்தார்? படிக்காவிட்டால்? தெருவில் தோளில் பையோடு எந்த வயதான பெண் போனாலும் பெட்டி சார் வேகமாக நடந்து முன்னால் போய் முகத்தைப் பார்ப்பார். ஒருத்தர் போலீஸைக் கூப்பிடுவேன் என்று மிரட்டியும் இருக்கிறார்.

கடைசியில் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடலுக்குப் போனவர்களின் வீட்டார் விசாரிக்க வரும் அலுவலகத்துக்குப் போனார். வியாழக்கிழமைகளில் மனு வாங்குவார்கள். அடையாளம் சொன்னார். கவுன்ட்டர் பெண் எட்டிப் பார்த்தாள். “வயசானவங்க, ரெக்சின் பை, ஆறு வருஷம். அந்த வரிசையைப் பாருங்க சார். எந்த அம்மா வேணும் உங்களுக்கு?”

வரிசையில் பதினைந்து பேர் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் தோளில் அதே மாதிரி பை.

அவர் அடுத்த வியாழனும் போனார். அதற்கடுத்ததும் போனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எந்த வியாழனும் தவறுவதில்லை. அந்த அம்மா வரவேயில்லை. ஆனால் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பவரிடம், இங்கிலீஷ் தெரியுமா சார் என்று ஒருவர் வந்து கடிதத்தை நீட்ட, பிறகு இன்னொருவர் நீட்ட, இப்போது அவர் வந்தால் பெஞ்சைச் சுற்றி நாலைந்து பேர் சேர்ந்துவிடுகிறார்கள். ‘வேரபௌட்ஸ் நாட் நோன்’ என்றால் எங்கே இருக்கிறார் என்று அவர்களுக்கும் தெரியாது என்று படித்துச் சொல்கிறார். ‘நெக்ஸ்ட் ஆஃப் கின்’ என்று நெருங்கிய சொந்தத்தைக் கேட்கிற இடத்தில் யார் பெயர் எழுத வேண்டும் என்று காட்டுகிறார்.

சென்ற வாரம் ஒரு பெரியவர் தம்பியைப் பற்றி வந்த கடிதத்தைக் கொண்டுவந்தார். ஒரு சொல்லின் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார். “‘பிரிஸ்யூம்டு டெட்’னு போட்டிருக்கு சார். கடைசிச் சொல் எனக்கே தெரியும். முன்னாடி இருக்கறதுக்கு என்ன அர்த்தம்?”

“அப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்” என்றார் பெட்டி சார். “தெரிஞ்சுக்கிட்டாங்கன்னு இல்ல.”

“அப்ப உயிரோட இருக்கலாமா?”

பெஞ்சைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“எனக்குத் தெரியலைங்க” என்றார்.

பெரியவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்.